சின்னதம்பியின் இடது தொடை

சின்னதம்பியின் இடது தொடையில், இடுப்பெலும்பின் முன்முனையிலிருந்து ஒரு சாண் இறங்கி விரலால் அழுத்தினால் சதை சற்றுக் குழியும். அந்தக் குழிக்குக் கீழே, தொடையின் நடுவில், ஒரு மேடு. அவர் படுத்திருக்கும்போது அது கண்ணுக்குத் தெரியாது. உட்கார்ந்து காலை நீட்டினால் எழுந்து நிற்கும். இந்த நான்கு வரிகளை எழுத எனக்கு நாற்பத்தாறு நாட்கள் ஆயின. அந்த நாட்கள் முழுவதும் ஒரு குடும்பம் சாவுக்குத் தயாராகிக்கொண்டிருந்தது. எழுத வேண்டிய தகவல் பாதி வழியிலேயே என் நோட்டில் வந்துவிட்டிருந்தது. அதனால்தான் இப்போதாவது முறையாக எழுதிவைக்கிறேன்.

சின்னதம்பிக்கு வயது நாற்பத்து நான்கு. ராசாப்பேட்டைக்காரர். எட்டாம் வகுப்பு முடித்த கோடையில் தகப்பனாரின் கட்டுமரத்தில் ஏறினார். அதன் பிறகு பள்ளிக்கூடம் அவரைப் பார்க்கவில்லை. இப்போது மச்சான் பாண்டியனோடு கூட்டாக ஒரு ஃபைபர் படகு வைத்திருக்கிறார். பாண்டியனின் அக்கா குப்புதான் சின்னதம்பியின் மனைவி; கடலூர் முதுநகர் மார்க்கெட்டில் மீன் விற்கிறார். ஒரே மகள் சரண்யா பிளஸ் டூ படிக்கிறாள்.

நான் மணவாளன், செம்மங்குப்பம். தொழிற்பேட்டையில் ஓர் ஆலையில் இருபத்திரண்டு ஆண்டுகள் ஷிப்ட் ஆபரேட்டராக இருந்தேன். ஏப்ரல் நடுவிலிருந்து ஜூன் நடுவரை மீன்பிடித் தடைக்காலம். கடலுக்குப் போக முடியாத அந்த அறுபத்தோரு நாட்களும் கரையோர ஆட்கள் சிலர் ஒப்பந்தக் கூலிகளாக எங்கள் ஆலைக்கு வருவார்கள். சின்னதம்பி தொடர்ந்து நான்கு தடைக்காலங்கள் வந்தார். டிரம் உருட்டுகிற வேலை. நான்காவது ஆண்டு மே மாதம் ஒன்பதாம் தேதி ஒரு டிரம்மின் மூடி கழன்று, உள்ளிருந்த திரவம் அவருடைய இடது தொடையில் கொட்டியது. குழாயடியில் கால்மணி நேரம் நானே தண்ணீர் ஊற்றினேன். தோல் சிவந்து, நான்கு நாளில் உரிந்து ஆறியது. விபத்துப் பதிவேட்டில் அதை எழுத மறுத்தார்கள். நான் என் ஷிப்ட் குறிப்பில் எழுதினேன். அந்தப் பக்கம் பிறகு காணாமல் போனது. அதன் கார்பன் நகல் என்னிடம் இருக்கிறது. மூன்று மாதத்தில் வேறொரு காரணம் சொல்லி என்னை வேலையை விட்டு நீக்கினார்கள். வழக்கு நடக்கிறது. அதைப் பற்றி எழுத இது இடமில்லை. ஆனால் இந்த ஒன்று தெரியாமல், பின்னால் நடந்தது விளங்காது.

மறு ஆண்டு ஜூலை இருபத்தேழு. அன்று கடலுக்குப் போகவில்லை. சின்னதம்பி வீட்டு வாசலில் வலை பின்னிக்கொண்டிருந்தார். எங்கள் பக்கம் வலை பின்னுகிறவர் தரையில் அமர்ந்து ஒரு காலை நேராக நீட்டி, கட்டைவிரலில் வலைக்கண்ணை மாட்டிக்கொண்டு, அதை இழுத்துப் பிடித்தபடியே முடிச்சுப் போடுவார். சின்னதம்பி நீட்டுவது இடது கால். குப்பு மீன்கூடையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு நிமிர்ந்தபோது பார்த்தார்.

"அது இன்னாது, தொடையில எலுமிச்சம்பழமாட்டம்?"

"எது?"

"தோ, கால நீட்டு. தோ."

"கொசு கடிச்சிருக்கும்."

"எந்த ஊரு கொசு அது, பழம் வெக்கிறது?"

சின்னதம்பி தொட்டுப் பார்த்தார். வலி இல்லை. வலி இல்லாததுதான் அவரைக் கலக்கியது என்று பிறகு என்னிடம் சொன்னார். வலிக்கிற கட்டி பழுத்து உடையும். வலிக்காத கட்டி உள்ளே வேலை பார்க்கும் என்று யாரோ சொல்லிக் கேட்டிருந்தாராம்.

மறுநாள் காலை இருவரும் என் வீட்டுக்கு வந்தார்கள். ஆலைகள் சூழ்ந்த எங்கள் பக்கம் உடம்பில் எங்கே தடிப்பு வந்தாலும் முதலில் வருகிற எண்ணம் ஒன்றுதான்: புற்று. குப்பு அதை வாயால் சொல்லவில்லை.

"நீங்கதானே அண்ணா அன்னிக்கு கூட இருந்தீங்க. தண்ணி ஊத்தினீங்க. இந்தத் தொடதானே?"

"இதே தொடைதான்."

அதைச் சொன்ன வேகத்தை நினைத்தால் இன்றும் எனக்கு உறுத்துகிறது. அன்றே என் வழக்குக் கோப்பில் புதிய பிரிவு ஒன்று திறந்தேன். இரண்டு பக்கத்தில் நோய் வரலாறு எழுதினேன்: டிரம், தேதி, நேரம், நனைந்த இடத்தின் பரப்பளவு, தோல் உரிந்த நாட்கள். ஏழாவது வரியில், 'அடிபட்ட காயம்: இல்லை.' எழுதும்போது கேட்டுத்தான் எழுதினேன்.

"அடி கிடி ஏதாச்சும் பட்டுதா, சின்னதம்பி?"

"அடியா? இல்லண்ணே."

பதில் வருவதற்கு முன்பு அவர் குப்புவை ஒரு முறை பார்த்தார். அதை நான் கவனித்தேன், எழுதவில்லை.

இரண்டு வாரம் அவர் எந்த ஆஸ்பத்திரிக்கும் வரவில்லை. "போனா பேரு வெச்சிடுவாங்க" என்றார். நோய்க்குப் பெயர் வைக்காதவரை அது வெறும் மேடு. பெயர் வைத்துவிட்டால் பிறகு கூப்பிட்டபடியே இருக்க வேண்டும். கடைசியில் ஆகஸ்ட் பதினான்காம் தேதி சரண்யா சாப்பிடாமல் உட்கார்ந்துவிட, மறுநாளுக்கு மறுநாள் கடலூரில் ஒரு டாக்டரிடம் போனோம். டாக்டர் என்னுடைய இரண்டு பக்கத்தையும் முழுக்கப் படித்தார். படித்த பிறகு அவர் முகம் மாறியது. ஸ்கேன் எடுக்கச் சொன்னார். படுக்கவைத்து எடுத்த ஸ்கேனில், தசைக்குள் நான்கரை சென்டிமீட்டர் நீளத்தில் ஏதோ இருப்பதாக வந்தது. 'புற்று அல்ல என்று உறுதிசெய்ய வேண்டும். சதை எடுத்துச் சோதிக்க மேல் மருத்துவமனைக்கு' என்று எழுதிக் கொடுத்தார். அவர் மேல் எனக்குக் குறை எதுவும் இல்லை. நான் எழுதிக் கொடுத்ததைப் படித்த எவரும் அப்படித்தான் எழுதியிருப்பார்.

சிதம்பரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் செப்டம்பர் பதினொன்றாம் தேதி வரச் சொன்னார்கள்.

இடைப்பட்ட நாட்களில் சின்னதம்பி படகுக்குப் போவதை நிறுத்தினார். படகின் பெட்டிச் சாவியைப் பாண்டியனிடம் கொடுத்துவிட்டார். சரண்யாவின் பள்ளிச் சான்றிதழ்கள், ரேஷன் கார்டு, மீனவர் அடையாள அட்டை எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு, எது எதற்கு என்று மகளுக்கே சொல்லிக்கொடுத்தார். குப்பு இதைப் பார்த்துவிட்டு அந்தக் கவரைப் பிடுங்கி அரிசி டிரம்முக்குள் போட்டு மூடினார்.

"நீ ஊருக்கா போற, எல்லாத்தயும் எடுத்து வெக்கிற?"

"வெச்சா நல்லதுதானே."

"நல்லது கெட்டது நான் சொல்றேன். நீ சோத்தத் துன்னு."

என்னால் செய்ய முடிந்தது அளப்பது. தையல் டேப் ஒன்று எடுத்துக்கொண்டு தினமும் இரண்டு முறை ராசாப்பேட்டைக்குச் சைக்கிளில் போனேன். காலை ஆறு மணிக்கு, அவர் கட்டிலை விட்டு எழுவதற்கு முன், விரலால் தடவி. மாலை ஐந்து மணிக்கு, கை சும்மா இருக்க முடியாமல் வலை பின்னிக்கொண்டிருக்கும்போது. ஆகஸ்ட் இருபத்தொன்று: காலை நாலரை, மாலை ஏழு. ஒரே பகலில் இரண்டரை சென்டிமீட்டர்.  மறுநாள் காலை மீண்டும் நாலரை. டேப்பைச் சரியாகப் பிடிக்கவில்லை என்று எண்ணினேன். மாலை ஏழேகால். அடுத்த காலை நாலு. கட்டி வளரும்; ஒருபோதும் சுருங்காது. ஆகவே காலை அளவுகள் பிழையானவை என்று முடிவுசெய்து அவற்றின் மேல் ஒரு கோடு கிழித்து, ஓரத்தில் சுருக்கொப்பம் இட்டேன். எதையும் அழிக்கக்கூடாது, கோடு மட்டும் போட வேண்டும் என்பது ஷிப்ட் குறிப்பு எழுதிய காலத்துப் பழக்கம். ஒன்பது நாள் காலை அளவுகளை இப்படி அடித்தேன். பத்தாம் நாளிலிருந்து மாலையில் மட்டும் அளந்தேன். மாலை அளவுகள் ஒன்றுக்கொன்று பொருந்தி வந்தன. மனம் ஒருவிதமாக நிலைகொண்டது.

மருத்துவ மாணவர்கள் விற்றுவிட்டுப் போன உடற்கூற்றுப் புத்தகம் ஒன்றைச் சிதம்பரத்தில் பழைய புத்தகக் கடையில் வாங்கி வந்தேன். அகராதியை வைத்துக்கொண்டு தொடை பற்றிய அத்தியாயத்தைப் பத்து நாட்கள் படித்தேன். தொடையின் முன்பக்கத்தில் நான்கு தசைகள் ஒன்றாகச் சேர்ந்து முழங்கால் சில்லில் முடிகின்றன. சில்லிலிருந்து ஒரு பட்டை கீழே இறங்கிக் கணைக்கால் எலும்பைப் பிடித்திருக்கிறது. நான்கும் சுருங்கினால் மடங்கிய முழங்கால் நீளும். உட்கார்ந்தவர் எழுவதும், படியேறுவதும், சறுக்கும் மணலில் நிற்பதும் இவற்றால்தான். நான்கில் மூன்று தொடையெலும்பிலேயே தொடங்குகின்றன. நடுவில் மேலாக ஓடுகிற ஒன்று மட்டும் இடுப்பெலும்பில் தொடங்குகிறது. ஆகவே அதற்கு இரண்டு வேலை: முழங்காலை நீட்டுவது ஒன்று, தொடையை இடுப்பிலிருந்து மேலே தூக்குவது மற்றொன்று. இதையெல்லாம் அழகாக நோட்டில் எடுத்து எழுதினேன். படமும் வரைந்தேன். ஆனால் நான் அந்தப் புத்தகத்தைத் திறந்தது கட்டி எந்தத் தசையில் வளர்கிறது என்று தெரிந்துகொள்ளத்தான். கட்டிதானா என்று அதனிடம் நான் கேட்கவே இல்லை.

செப்டம்பர் பதினொன்று. பாண்டியனும் வந்தார். தன் வீட்டு ஆண்பிள்ளை ஒருவர் காதால் கேட்டு வர வேண்டும் என்பது குப்புவின் கட்டளை. குப்புவுக்குத் தானே வர தைரியம் இல்லை. கடலூரிலிருந்து பஸ்ஸில் மூன்று பேர் சீட்டில் நெருக்கி உட்கார்ந்தோம். சின்னதம்பி என் பிளாஸ்டிக் கோப்பைத் தொடைமேல் வைத்து, அதற்கு அடியில் கையை விட்டு மேட்டைப் பிடித்தபடியே வந்தார். ஆலப்பாக்கம் தாண்டியது, புதுச்சத்திரம் தாண்டியது. பி.முட்லூர் நிறுத்தத்தில்தான் வாய் திறந்தார்.

"அண்ணே, கால எடுத்துடுவாங்களா?"

"தெரியாததச் சொல்லக்கூடாது, சின்னதம்பி."

"எடுத்தா இன்னா மச்சான்" என்றார் பாண்டியன். "எஞ்சின்கிட்ட உக்காந்துக்க. நான் மூட்டையாட்டம் தூக்கிப் போடுறேன். இப்பவே நீ கையால கால எடுத்து வெச்சிதானே ஏறுற, பல்லக்கு ஏறுற ராஜாவாட்டம்."

 பாண்டியன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அந்த வாக்கியமும் என் காதில் விழுந்தது. அதையும் நான் எழுதவில்லை.

டாக்டர் அருள்மொழி முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க பெண்மணி. என் இரண்டு பக்கத்தைப் படித்தார். ஸ்கேனைப் பார்த்தார். தொடையைத் தொட்டு அழுத்தினார். அப்புறம் நோட்டைக் கேட்டு வாங்கி, அளவுகள் இருந்த பக்கத்தை வெகுநேரம் பார்த்தார்.

"இதெல்லாம் ஏன் அடிச்சிருக்கீங்க?"

"பிழையான அளவுகள் மேடம்."

"பிழைன்னு எப்படித் தெரியும்?"

"கட்டி சுருங்காதே."

"கட்டி சுருங்காதுதான்" என்றவர் சற்று நிறுத்தினார். "காலைல எப்படி இருக்கும்போது அளந்தீங்க?"

"படுத்திருப்பார்."

"சாயந்திரம்?"

"வலை பின்னிக்கிட்டு இருப்பார்."

டாக்டர் நாற்காலியை விட்டு எழுந்தார். "வலை எப்படிப் பின்னுவீங்க? உக்காந்து காட்டுங்க."

சின்னதம்பி பரிசோதனைக் கட்டிலில் ஏறினார். இடது காலைக் கையால் தூக்கித்தான் வைத்தார். டாக்டர் அதைப் பார்த்தார். நர்ஸிடம் காயத்துணிச் சுருள் ஒன்று வாங்கி, ஒரு முனையை அவருடைய கட்டைவிரலில் சுற்றி, மறுமுனையைக் கையில் கொடுத்தார். "இதான் வலை. இழுத்துப் புடிங்க."

அவர் காலை நீட்டித் துணியை இழுத்தார். தொடையின் நடுவில் மேடு ஒரு கைமுட்டியளவு எழுந்து கெட்டியாயிற்று. "விட்டுடுங்க." அமிழ்ந்தது. "இழுங்க." எழுந்தது. ஐந்து முறை. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். நான் அடித்துவிட்ட ஒன்பது எண்களும் என் கண்ணெதிரே எழுந்து அமிழ்ந்தன.

பிறகு மல்லாக்கப் படுக்கவைத்து, முழங்காலை மடக்காமல் காலை மேலே தூக்கச் சொன்னார். வலது கால் சுலபமாக உயர்ந்தது. இடது கால் ஒரு சாண் உயர்ந்து, நடுங்கி, கட்டிலில் விழுந்தது.

"முட்டிய நீட்ட முடியுது. ஆனா கால தூக்க முடியல. எப்பலேந்து இப்படி?"

 பாண்டியன் சொன்னார்: "தடை முடிஞ்சதுலேந்து மேடம். கையால தூக்கி வெச்சிதான் படகுல ஏறுவாரு. வயசாயிடுச்சின்னு நாங்க கிண்டல் பண்ணுவோம்."

"தடை முடிஞ்ச அன்னிக்கு என்ன நடந்துச்சு?"

சின்னதம்பி கட்டிலில் எழுந்து உட்கார்ந்து பாண்டியனைப் பார்த்தார். அந்தப் பார்வைக்குக் காரணம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அவர்கள் படகில் ஒரு வழக்கம் உண்டு. தடை முடிந்து முதல் முறை படகைத் தள்ளும் காலையில் முன்முனையில் கற்பூரம் ஏற்றித் தேங்காய் உடைப்பார்கள். அதன் பிறகு தண்ணீரில் கால் நனைத்தவர் எவரும் கரை திரும்பக்கூடாது. திரும்பினாலோ, தள்ளும்போது எவராவது விழுந்தாலோ அந்தப் பருவம் முழுவதும் வலை காலியாக வரும் என்பது நம்பிக்கை. இந்த ஆண்டு வலை பல நாள் காலியாகத்தான் வந்திருந்தது.

"சொல்லுங்க. சொன்னாதான் எனக்குத் தெரியும்."

"தள்ளும்போது மேடம்" என்று தொடங்கினார் சின்னதம்பி.  "நான் பின்பக்கம், எடது மூலை. எடது கால் பின்னால மண்ணுல ஊனியிருந்தேன். ஒரு அலை வந்து படகத் திருப்பி எம்மேல அடிச்சிது. ஒடம்பு பின்னால போவுது, கால் மண்ணவுட்டு வரல. தொடைக்குள்ள துணி கிழியிறாப்பல இருந்திச்சி. முட்டி மடங்கி உக்காந்துட்டேன். ஒடனே எழுந்துட்டேன். யாரும் பாக்கல."

"வலி?"

"பத்து நாளு. பச்சையா கன்னிப்போயிருந்திச்சி. லுங்கிக்குள்ள யாரு பாக்கப்போறா."

"இத ஏன் முன்னாடியே சொல்லல?"

"மொத நாளே காலு போனவன்னு தெரிஞ்சா..." அவர் பாண்டியனைப் பார்க்காமல் முடித்தார். "மீன் படாததுக்கெல்லாம் நான்தான்னு ஆயிடும்."

 பாண்டியன் சுவரில் மாட்டியிருந்த எலும்புப் படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

டாக்டர் நிதானமாகச் சொன்னார். இது கட்டியாக இல்லாமல், மேலே அறுந்து கீழே சுருண்ட தசையாக இருக்கலாம். ஆனால் எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்க்காமல் உறுதி சொல்ல மாட்டேன். இரண்டு நாள் கழித்து வாருங்கள். அதுவரை ஊசி குத்திச் சதை எடுக்கும் பேச்சு வேண்டாம்.

வராந்தாவில் பெஞ்சில் உட்கார்ந்ததும் பாண்டியன் வாய் திறந்தார்.

"ஏன் மச்சான், அன்னிக்குப் பாதித் தண்ணியிலேந்து கரைக்குத் திரும்பி ஓடினவன் எவன்?"

"நீ. கத்திய வுட்டுட்டு வந்துட்டேன்னு ஓடின."

"பாத்தியா அத?"

"பாத்தேன்."

"பாத்துட்டு ஏன்டா வாய மூடினு இருந்த?"

"நீயும் சொல்லலியே."

"நான் மூணு மாசமா ஒவ்வொரு காலி வலைக்கும் எங்கத்திய நெனச்சினு கீறேன். நீ ஒந்தொடைய நெனச்சினு கீற. நல்ல கூட்டு." பாண்டியன் எழுந்து போய் மூன்று டீ வாங்கி வந்தார். 

அடுத்த இரண்டு நாட்களும் முந்தைய நாட்களைவிடக் கடினமாக இருந்தன. எதிர்பார்க்க நல்லது ஒன்று இருந்ததால் பயம் இன்னும் கூர்மையாகிவிட்டது. சின்னதம்பி நூறு முறையாவது காலை நீட்டி மடக்கிப் பார்த்திருப்பார். "எழுந்துச்சின்னா சதை. எழலன்னா..." என்று அவர் சொல்லும்போதெல்லாம் குப்பு வேறு வேலை இருப்பதுபோல உள்ளே போய்விடுவார்.

பதின்மூன்றாம் தேதி எம்.ஆர்.ஐ. முடிவு வந்தது. இடுப்பெலும்பிலிருந்து இறங்குகிற அந்த நடுத்தசை, மேல்பகுதியில் ஏறக்குறைய முழுவதும் அறுந்திருந்தது. பிடி விட்ட சதை கீழே இறங்கிச் சுருண்டு நின்றிருந்தது. புற்றுக்கான அறிகுறி எதுவும் இல்லை. டாக்டர் படத்தைக் காட்டி விளக்கி முடித்ததும் சின்னதம்பி தன் மொழியில் திருப்பிச் சொன்னார்.

"நாலு கயிறு மேடம். மூணு கயிறு தொடையெலும்புலயே கட்டியிருக்குது. ஒண்ணு மட்டும் இடுப்புல. அந்த ஒண்ணு மேல அறுந்துடுச்சி, சுருண்டுகினு கீழ கெடக்குது. மூணு கயிறு இருக்கிறதால முட்டி நீளுது."

"அவ்ளோதான். நான் சொன்னதவிட நல்லா சொல்றீங்க."

"அறுந்த கயிறு அப்புறம் ஏன் மேடம் எழுந்து நிக்கிது?"

"மேலதான் அறுந்துச்சு. கீழ இன்னும் முட்டியோட ஒட்டிக்கிட்டுதான் இருக்கு, நரம்பும் உயிரோட இருக்கு. நீங்க கால நீட்டும்போது அதுவும் சுருங்கப் பாக்குது. மேல பிடிமானம் இல்லாததால உருண்டு எழும்புது. பாவம், வேலை செய்யணும்னுதான் பாக்குது."

இரண்டு மாதம் தடையில் சும்மா இருந்த தசை, ஒரே காலையில் முழுப் படகின் எடையை வாங்கியதில் அறுந்திருக்கலாம் என்றார். வயதும் இவ்வளவு நாளும் ஆகிவிட்டதால் ஆபரேஷன் தேவையில்லை. மற்ற தசைகளைப் பலப்படுத்தினால் பெரும்பாலான வேலைகளைச் செய்யலாம். மேடு மட்டும் ஆயுள் முழுவதும் இருக்கும். மூன்று மாதம் கழித்து ஒரு முறை வந்து காட்ட வேண்டும்.

பாண்டியன் வாசலுக்கு வந்து ஸ்பீக்கரில் போட்டுக் குப்புவைக் கூப்பிட்டார்.

"இன்னாடா சொன்னாங்க?"

"சதை அறுந்திருக்குதாம்க்கா."

"அறுந்துபோச்சா?"

"ஆமா. நல்லதுதான்."

"சதை அறுந்தா நல்லதாடா? குடிச்சிட்டுப் பேசுறியா? அண்ணன்கிட்ட குடு."

நான் வாங்கிப் பேசினேன். புற்று இல்லை என்றேன். மறுமுனையில் மார்க்கெட்டின் இரைச்சல் கேட்டது. யாரோ வஞ்சிரம் விலை கேட்டார்கள்.  குப்பு என்னிடம், "அவர சாப்புட வெச்சி கூட்டினு வாங்கண்ணா" என்று மட்டும் சொன்னார்.

உண்மையை முழுவதும் எழுத வேண்டும். டாக்டர் 'இல்லை' என்று சொன்ன அந்த நொடியில் எனக்குள் எழுந்தது நிம்மதி மட்டுமல்ல. கோப்பிலிருந்து ஒரு பலமான பக்கம் நழுவுகிறது என்ற உணர்வும் அதன் பின்னாலேயே வந்தது. எனக்கு அநீதி இழைக்கப்பட்டது உண்மை. அந்தத் திரவம் கொட்டியதும் உண்மை; பக்கம் காணாமல் போனதும் உண்மை. ஆனால் அந்த உண்மைகளுக்கு ஒரு சாட்சி வேண்டும் என்பதற்காக, ஒரு மனிதனின் தொடையில் நான் காண விரும்பியதையே கண்டேன். ஏழாவது வரியில் 'இல்லை' என்று எழுதியபோது சின்னதம்பி தன் மனைவியின் முகத்தைப் பார்த்ததை நான் கண்டேன். அவர் தயங்கியது வேறெதற்கோ என்று கடந்துபோனேன். எனக்கு வேண்டிய பதில் அதுதான் என்பதால், இரண்டாவது முறை கேட்கவில்லை.

ஊர் திரும்பிய மறுநாளே என் வழக்கறிஞருக்குக் கடிதம் எழுதி எம்.ஆர்.ஐ. நகலை இணைத்தேன்: முன்பு அளித்த நோய் வரலாற்றில் ஏழாவது வரி தவறு, இந்த மேட்டுக்கும் ஆலைக்கும் தொடர்பில்லை. அவர் போனில் கேட்டார்: "இத நீங்களா ஏன் சார் எழுதிக் குடுக்குறீங்க? எதிர்த்தரப்பு கேக்கவே இல்லையே." திரவம் கொட்டியது கொட்டியதாகவே இருக்கட்டும், அது தனியாக நிற்கும், நிற்க வேண்டும் என்றேன். பழைய வரலாற்றைக் கிழிக்கவில்லை. அதன் மேல் கோடு கிழித்து, தேதியிட்டு, ஒப்பமிட்டுக் கோப்பிலேயே வைத்திருக்கிறேன். அடித்துவிட்ட ஒன்பது அளவுகளின் பக்கத்திலும் 'சரியானவை' என்று எழுதினேன்.

அக்டோபரிலிருந்து சின்னதம்பி தினமும் காலையில் கணுக்காலில் மணல்மூட்டை கட்டிக் காலைத் தூக்கினார். முதலில் அரைக் கிலோ. பொங்கலுக்குள் மூன்று கிலோ. தொடைக்கு உள்ளே, முதுகெலும்பிலிருந்து இறங்கி வருகிற வேறொரு தசை, அறுந்ததன் வேலையில் ஒரு பங்கை எடுத்துக்கொண்டது என்று புத்தகத்தைப் பார்த்து நான் சொன்னேன். "அது யாரு வூட்டுப் புள்ளையோ" என்றார் குப்பு, "நல்லாருக்கட்டும்." டிசம்பரில் போய்க் காட்டியபோது டாக்டர் திருப்தி என்றார். ஜனவரியில் காலைக் கையால் தூக்காமல் படகில் ஏறினார். ஆனாலும் விடிந்ததும் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து காலை நீட்டி, மேடு எழுகிறதா என்று பார்க்காமல் தரையில் கால் வைப்பதில்லை. மேடு எழுந்தால் மூச்சு விடுவார். ஒரு நாள் தூக்கக் கலக்கத்தில் காலைச் சரியாக நீட்டாமல், எழவில்லை என்று நினைத்துவிட்டார். எனக்குப் போன் வந்தது. நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனேன். நான் போய்ச் சேர்வதற்குள் எழுந்துவிட்டிருந்தது.

இந்த ஆண்டு தடை முடிந்த காலை நான் ராசாப்பேட்டைக் கரையில் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். வெளிச்சம் அப்போதுதான் வந்தது. முன்முனையில் கற்பூரம் எரிந்தது. பாண்டியன் தேங்காய் உடைத்தார். பிறகு படகைத் தள்ள நின்ற எட்டுப் பேரையும் பார்த்து, "எவனாச்சும் கத்திய வுட்டுட்டு வந்திருந்தா, எவனுக்காச்சும் கால் புடிச்சிருந்தா, இப்பவே சொல்லிடுங்கடா. தண்ணியில போயி மறைக்காதீங்க" என்றார். ஒருவர் தீப்பெட்டி மறந்ததாகச் சொல்லிவிட்டு வீட்டுக்கு ஓடினார். எல்லாரும் அவருக்காக நின்றார்கள்.

சின்னதம்பி இந்த முறை வலது மூலைக்கு மாறியிருந்தார். பின்னால் ஊன்றப்போவது வலது கால். இடம் பிடிப்பதற்கு முன் படகின் விளிம்பில் உட்கார்ந்து, லுங்கியை ஏற்றிக்கொண்டு, இடது காலை நீட்டினார். ஆட்கள் சிலர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்கள். பாண்டியன் பார்த்தார்.

"இருக்குதா?"

"இருக்குது."

"அப்ப தள்ளு."